படகு கட்டும் கரை

தை 9, வியாழன்.

நான் வேலை பார்க்கும் டிராவல்ஸுக்கு இன்று அறந்தாங்கி அத்தை வந்தார். செல்வம் மச்சானுக்குக் கல்யாணம் முடிந்ததும் ஆலப்புழை படகு வீடு வேண்டுமாம். மச்சானுக்கு நான்தான் என்று ஒரு காலத்தில் அத்தையே சொல்லியிருக்கிறார்.

"ஏத்தா, பொண்ணுக்குத் தண்ணின்னாலே பயமாம். ராத்திரிக்குப் படகை எங்கிட்டுக் கட்டுனா நல்லது? நீ படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு."

"அதுக்கென்ன அத்தை" என்றேன்.

படகுத்துறையில் கட்டினால் விடிய விடிய ஜெனரேட்டர் சத்தம். நடு ஏரியில் காற்று. வீட்டு விளக்குகள் தெரிகிற அமைதியான கரை ஒன்று உண்டு. எங்களுக்கென்று நான் மனசுக்குள் பார்த்து வைத்திருந்தது. அதையே புக்கிங்கில் எழுதினேன்.

மச்சானுக்குக் கொசு கடித்தால் கை தடித்துவிடும். கொசுவலை வேண்டும் என்றும் சேர்த்தேன். அத்தை அதைச் சொல்லவில்லை.