மாநிலவாதி வீட்டுச் சம்பந்தம்

ஜூன் 8, மாரண்டஹள்ளி

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். எங்கள் பாப்பா பிரியதர்ஷினி புதுச்சேரியில் நர்சு. அதே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற மாதவராஜை அவளே பார்த்துக்கொண்டாள். பையன் தங்கம். அவன் அப்பா கலியபெருமாள்தான்... என்னவென்று எழுத!

என் வீட்டுக்காரர் மரியாதைக்கு அவரிடம், "நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்டுவைத்தார்.

"கட்சியெல்லாம் கிடையாதுங்க. நான் மாநிலவாதி."

எங்கள் பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுச்சேரிக்கு முழு மாநில அந்தஸ்து கேட்டுப் போராடுகிறவராம். சட்டசபையும் முதலமைச்சரும் இருந்தும் கடைசி வார்த்தை டெல்லியிடம்தானாம். "மருமவள சமைக்கச் சொல்லிட்டு, மளிகை அலமாரி சாவிய மாமியார் இடுப்புல சொருகிக்கிட்டா எப்படிங்கம்மா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். வருஷக்கணக்காக அப்படிச் சமைத்தவள் நான். அந்த நிமிஷமே மனிதரைப் பிடித்துப்போயிற்று.

ஜூன் 9

பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அதை எழுத விட்டுப்போச்சு.

ஜூலை 17

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மாப்பிள்ளை வீட்டு விலாசம்: மதகடிப்பட்டு, பாண்டிச்சேரி, தமிழ்நாடு.

எனக்குப் பகீர் என்றது. "ஏங்க, அவங்க எழுதிக் குடுத்ததுல தமிழ்நாடு இல்லியே?"

"ஊரு பேருக்குக் கீழ ஸ்டேட் பேரு வேணாமா? மொட்டையா இருந்திச்சு, சேத்துப் போடச் சொன்னேன்."

தக்காளி மண்டியில் கூடைக்குக் கூடை சீட்டு எழுதும் புத்தி! முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக் குலதெய்வத்திடம் வைத்தாகிவிட்டது. சாமிக்கு வைத்ததை மறுபடி அடித்தால் கல்யாணம் ரெண்டாகும் என்பது இவர்கள் வீட்டு வழக்கு.

ஜூலை 20

போச்சு. எல்லாம் போச்சு. சம்பந்தி போனில், "நாங்க காலமெல்லாம் ரோட்ல உக்காந்தது இதுக்குத்தானுங்களா?" என்று கேட்டார். சாதுவாகத்தான் கேட்டார். இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? "நீங்கதான் எங்களுது இன்னும் மாநிலமே இல்லங்கிறீங்க. அப்பறம் எதுலதான் போடறது?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். சம்பந்தி, "அந்தப் பத்திரிகைய எங்க ஊர்ல ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாப்பா போன் பண்ணி ஒரே அழுகை. ரெண்டு கெழவனுங்களும் மல்லுக்கட்டினா என் பொண்ணு எங்க போவா?

ஆகஸ்ட் 3

சம்பந்தியம்மாவும் நானும்தான் பேசிக்கொள்கிறோம். சம்பந்தி பத்திரிகை இல்லாமல், வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய் வாயால் அழைக்கிறாராம், வெயிலில். எனக்குப் பாவமாக இருக்கிறது. இவரிடம் சொன்னேன். "போவட்டும்" என்றார். ஆனால் அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 24

தலையில் இடி. 31 விடியலில் இங்கே நம்ம ஊரில் முகூர்த்தம். 30ஆம் தேதி புதுச்சேரியில் மாநில அந்தஸ்து கேட்டு பந்த்! எல்லா அமைப்பும் சேர்ந்து வைத்த தேதி. நோட்டீசில் நம் சம்பந்தி பேரும் இருக்கிறது. அன்று காலை அவர்கள் வீட்டில் நலங்கு வைத்த பிறகுதான் மாப்பிள்ளை படி இறங்கணும். அது அவர்கள் வழக்கம்.

பாப்பா சொன்னாள்: "கல்யாண வண்டிய விட்டுடுவாங்கம்மா. ஆனா மாமா கேக்க மாட்டேங்கிறாரு. 'அடுத்தவன் கல்யாண வண்டிய விடுவேன், என் வண்டிய நானே விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்'ங்கிறாரு."

அப்ப கல்யாணம்? கேட்கவே பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 28

சம்பந்தியம்மா பேசினார். பந்த் புதுச்சேரி எல்லைக்குள்தானே, எல்லைவரை நடக்கிறார்களாம். மாப்பிள்ளை, கிழவிகள், சீர்த்தட்டு எல்லாம் நடை. அதைத் தாண்டி வண்டிக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்த் நாளில் அங்கிருந்து எந்த டிரைவரும் வரமாட்டேன் என்கிறானாம்.

ரசம் ஊற்றிக்கொண்டே இவரிடம் சொன்னேன்.  கை கழுவியதும் வேன்காரருக்குப் போன் போட்டார்.

ஆகஸ்ட் 30

வந்துவிட்டார்கள்! வந்துவிட்டார்கள்!

இவர் ஒரு வாடகை வேனோடும் மண்டி பிக்கப்போடும் எல்லைக்கு இந்தப் பக்கம் காத்திருந்தாராம். தூரத்தில் மேளம் கூட இல்லாமல் நடந்து வந்தார்களாம். மாப்பிள்ளை மஞ்சளும் வியர்வையுமாக, சம்பந்தி முன்னால் தாம்பாளத்தோடு. இவர் போய் அந்தத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"'செருப்பு அந்துடுச்சு போல, வண்டில ஏறுங்க'ன்னேன்."

"மன்னிப்பு?"

"அதான் ஏறுங்கன்னு சொன்னேனே!"

பிக்கப்பில் முன் சீட்டில் ரெண்டு பேரும். திருவண்ணாமலை வரை மூச்சுவிடவில்லையாம். அங்கே டீ குடித்தார்களாம். "அதுக்கப்பறம் அந்த ஆளு பேச்ச நிறுத்தல ராணி. மண்டியில கூட இப்படி ஒரு வாய் கெடையாது" என்று சிரித்தார். அடடா, இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள்!

ஆகஸ்ட் 31

தாலி ஏறியது. அழுதேன். இவர் என்னைவிட அழுதார்.

நவம்பர் 12

டிவியில் புதுச்சேரிச் செய்தி. மாநில அந்தஸ்து பற்றிக் கேட்டதற்கு டெல்லி இன்னும் பதில் சொல்லவில்லையாம். இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நம்ம பாப்பா வாழற ஊருடி அது! குடுக்கறதுக்கு இவனுங்களுக்கு என்னா வலிக்குது?"

தட்டை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் போனை எடுத்துவிட்டார். "சம்பந்தி, நியூஸ் பாத்தீங்களா? அடுத்த தடவ ரோட்ல உக்காரும்போது சொல்லுங்க, நானும் வந்து உக்கார்றேன்."

தரையில் உட்கார்ந்தால் இவரை எழுப்பவே ரெண்டு ஆள் வேண்டும். பையில் முட்டிவலித் தைலம் வைத்து அனுப்பணும்.