பாலோடு விழுங்கிய மாத்திரைகள்

பிப்ரவரி 20

அன்பு வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வருகிறது, உடம்புதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. போனில் பேசலாம். ஆனால் கூடத்தில் என் மாமியார் எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் வயிற்றில் வளர்வதன் கருமுட்டை உன்னுடையது என்பது உனக்கும் எனக்கும் அத்தானுக்கும் தெரிந்தால் போதும். பதிலைக் கடை விலாசத்துக்கே போடு.

திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி வெட்டுகிறவளுக்குக் கால்வலி புதிதா? ஆனால் இப்படிச் சோர்ந்ததே இல்லை. நேற்று அளந்துகொண்டிருந்த துணிமேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். முதலாளி, "ஏம்மா, வீட்ல படுக்க இடமில்லையா?" என்றார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. போன தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு வீடு வீடாக இல்லை என்று சொல்லித் திரிந்தது போதும்.

தினமும் அத்தான் இடுப்பில் ஊசி போடுகிறார். நடுங்குவது அவர் கை, கத்துவது நான். எதற்கடி இத்தனை ஊசி? டாக்டரம்மாவைக் கேட்டால், "போட்டுக்குங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்கிறார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நீ. நீயாவது புரிகிற மாதிரி சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 27

என் அருமை அக்காவுக்கு,

கருமுட்டை வெளியே வந்த பிறகும் அது இருந்த கூடு சும்மா இருக்காது. புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கருப்பையில் விரித்த மெத்தை கலையாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கரு ஒட்டிக்கொண்டதும் தன் பங்குக்கு இன்னொரு ஹார்மோனை அனுப்பும். 'நான் வந்தாச்சு, நிறுத்திடாதே' என்று அந்தக் கூட்டுக்குச் சேதி. சிறுநீர்ப் பரிசோதனையில் கோடு விழுவது அந்தச் சேதியால்தான்.

உன் விஷயத்தில் கூடு என் வயிற்றிலேயே தங்கிவிட்டது. உன் வயிற்றிலிருந்து கரு கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்க அங்கே ஆளில்லை. அதனால்தான் ஊசி. நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும்வரை அத்தானின் நடுங்கும் கைதான் உனக்குக் கதி.

தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் அந்த ஊசியின் வேலை. வாந்தி வந்தாலும் சந்தோஷப்படு. சோர்வு நல்ல சகுனம் அக்கா. புலம்பாமல் படு.

இங்கே மகளுக்குக் காய்ச்சல், அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, பரிசோதனைக் கூடத்தில் ஒரு இயந்திரம் படுத்துவிட்டது. ஊசி எதுவும் இல்லாமலேயே நானும் சோர்ந்துதான் கிடக்கிறேன்.

உன் வாலு

மார்ச் 16

அன்பு வாலுவுக்கு,

நீ சொன்னபடி புலம்பாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கடையில் எல்லோரும் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைச் சுழலவிடுகிறார்கள். நான் மட்டும் ஸ்வெட்டரில் சுருண்டுகொள்கிறேன். குரல் கட்டிவிட்டது, முகம் உப்பிவிட்டது. நல்ல சகுனம் என்று நீ எழுதியதால் டாக்டரம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை.

மறதி வேறு. தைராய்டு குறைவுக்குப் போடுகிற மாத்திரை ஒரு நேரம், இரும்புச்சத்து ஒரு நேரம், கால்சியம் ஒரு நேரம் என்றால் யாருக்கு நினைவிருக்கும்? எல்லாவற்றையும் காலையிலேயே பாலோடு ஒரே மடக்காக விழுங்கிவிடுகிறேன். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

ஸ்கேனில் இதயத் துடிப்பைப் பார்த்தேன். அத்தான் அழுதார். மாமியார், "எங்க பக்கத்து மூக்கு வரணும்" என்றார். நான் சிரித்து வைத்தேன். அவர்கள் மூக்கு வரலாம், உன் மூக்கும் வரலாம். என் மூக்கு வர வழியே இல்லை. இதில் என்னுடையது என்று என்னடி இருக்கிறது? இடம் கொடுத்தவள் மட்டும்தானா நான்?

உன் அக்கா

மார்ச் 20

அக்கா,

அத்தானுக்குப் போன் செய்துவிட்டேன். இன்றைக்கே உன்னை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார். அவரிடம் கோபத்தைக் காட்ட முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உனக்கு மூளை இருக்கிறதா? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். பாலும் இரும்பும் கால்சியமும் கூடப் போனால் அதை உடம்பில் சேரவிடாது. மற்றவற்றை நாலு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். குளிர், கட்டின குரல், உப்பின முகம் எல்லாம் ஊசியின் வேலை போலத் தெரியவில்லை. தைராய்டு இறங்கியிருக்கும். கர்ப்பத்தில் வழக்கத்தைவிட அதிகமாக வேண்டிய நேரத்தில், உள்ளதையும் கெடுத்துக்கொண்டிருக்கிறாய்.

உள்ளே இருப்பதற்குத் தைராய்டு இன்னும் வேலையே தொடங்கவில்லை. முதல் மூன்று மாதம் அதன் மூளை வளர்வது உன் ரத்தத்தில் ஓடும் ஹார்மோனை நம்பித்தான். என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

லீவு கேட்டிருக்கிறேன். பிரசவம்வரை அங்கேயே வந்து இருந்து, மாத்திரையை நானே எடுத்துத் தருகிறேன்.

வாலு

ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னதுதான். தைராய்டு நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். முந்தாநாள் பார்த்ததில் சரியாகிவிட்டது. டாக்டரம்மா, "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, பாத்துக்கலாம்" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையோடு படுத்து அதோடுதான் எழுந்திருக்கிறேன். நஞ்சுக்கொடி பொறுப்பேற்றுக்கொண்டதாம், ஊசியை நிறுத்திவிட்டார்கள். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். மறுபேச்சில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

என் பிள்ளை என்று எழுதியிருந்தாய். முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. கடைசியில் களைப்புத்தான் மிஞ்சியது.

நீ கொடுக்காவிட்டால் எனக்கு இது இல்லை. சாகும்வரை அதை மறக்க மாட்டேன். ஆனால் என்னுடையது என்ன என்று கேட்டேனே, அதற்கு நீதான் பதில் எழுதினாய். நான் தப்பாக விழுங்கினால் அதற்குக் குறைகிறது, நான் சரியாக விழுங்கினால் அதற்குக் கிடைக்கிறது. ரிசல்ட் வரும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செத்துப் பிழைத்தேனே, அது இடம் கொடுத்தவளுக்கு வருகிற பதற்றமா? கெடுத்தாலும் நான்தான், காப்பாற்றினாலும் நான்தான்.

அதனால் நீ வராதே. பிரசவத்துக்கும் வர வேண்டாம். முதலில் அதற்கு என் முகம் பழகட்டும். பிறகு நானே கூப்பிடுகிறேன். உன் மகளையும் அழைத்து வா. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

லீவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர், "அக்காவைப் பாத்துக்கணும்னு சொன்னியே, போகலயா?" என்று கேட்டார். "அவங்க கூப்பிடும்போது போறேன் சார்" என்றேன்.

அந்த வார்த்தை கோபத்தில் தவறி வந்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். அன்று முட்டையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதிலிருந்தே அது என் மனதில் இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. நீ பயந்தது சரிதான். நான் வந்திருந்தால் மாத்திரை கொடுப்பதோடு நின்றிருக்க மாட்டேன்.

அழுகை வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்மேல் வருத்தம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். கூப்பிட ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் சித்தி