கேட்காமலே பதில் சொன்ன நோயாளி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, அது நம் வீட்டில் எப்போதும் உள்ளதுதான் என்பதால் அதையும் சுகத்தில் சேர்த்துக்கொள். உன் சுகத்தை நீயே எழுது. வழக்கமாக நீ நன்றாகத்தான் இருப்பாய் என்று நானே எழுதி முடித்துவிடுவேன், இந்த முறை அப்படி எழுதவில்லை, காரணம் போகப் போகத் தெரியும். இதை உன் அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார், ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் அவர் கட்டைவிரல் தெரியும், அதைப் படிக்க வேண்டாம். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சின்ன வயசில் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்து ஓடியதா நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினேனா என்று இன்னும் முடிவாகவில்லை. போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். பேசினோமே. பரீட்சையில் போய்விட்டது அம்மா என்று நீ சொன்ன அன்று, "என்னடி ஆச்சு, பதட்டப்பட்டிருப்பே, தூக்கம் இல்லாம போயிருப்பே, போனா போகுது, அடுத்த தடவை எழுதுவே, சரியா, சரி" என்று கேள்வியையும் கேட்டு பதிலையும் நானே சொல்லி போனையும் நானே வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உன் அப்பா கேட்டார், "அவ என்ன சொன்னா?" என்று. எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சில் உனக்குக் கிடைத்தது ஒரே ஒரு "அம்மா" மட்டும்தான்.

அடுத்த நாள் நீ அப்பாவிடம் பேசியதை அவர் எனக்குச் சொன்னார். அவர் பேசாமல் இருப்பதால் எல்லோரும் அவரிடம்தான் எல்லாவற்றையும் சொல்கிறீர்கள், நல்ல தந்திரம். "கை எல்லாம் சரியா செஞ்சுது அப்பா, வாய்தான் வரலை" என்று சொன்னாயாமே. கம்ப்யூட்டர் பரீட்சை, பாஷை பரீட்சை எல்லாம் தாண்டியவள், இங்கே ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே தூக்கி நிறுத்தியவள், கடைசியில் நோயாளி மாதிரி நடிக்க வந்தவனிடம் பெயர் கேட்காததற்கும் எங்கே வலிக்கிறது என்று கேட்காததற்கும் மார்க் போய்விட்டது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும். மறுபடி போக மாட்டேன், இந்த முதியோர் இல்லத்திலேயே ஹெல்பராக இருந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றும் சொன்னாயாம். இந்த மாசக் கடைசிக்குள் மறுபரீட்சைக்குத் தேதி வாங்காவிட்டால் அனுப்பிய பேப்பர் எல்லாம் செல்லாமல் போய், அந்த நாட்டு நர்ஸ் லைசென்ஸுக்கு மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதும் அவர் வழியாகத்தான் எனக்கு வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பரீட்சை வைத்தவர்களை ஏசு ஏசு என்று ஏசினேன். "நடிக்கிறவன்கிட்ட பேரு கேட்டு என்ன ஆகப்போகுது, அவன் சொல்ற பேரே பொய்ப் பேரு" என்றேன். உன் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பரீட்சைக்காரங்களை எதுக்குத் திட்டறே, அவளைக் கெடுத்ததே நீதான்" என்றார். வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மனுஷன், இந்த வருஷத்து வாக்கியத்தை இப்படியா செலவு பண்ணுவார். அன்று முழுக்க அவரோடு சண்டை. மறுநாள் வேலைக்குப் போய் லாண்டரியில் போர்வை மடிக்கும்போது யோசித்துப் பார்த்தேன், யோசிக்க யோசிக்க மனுஷன் சொன்னது சரி என்று தெரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

நீயே நினைத்துப் பார். வீடியோவில் என்னை நோயாளியாகப் படுக்க வைத்துப் பயிற்சி பண்ணினாயே, போனை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு நான் கட்டிலில் படுப்பேன். நீ வணக்கம் சொல்லி, நான்தான் உங்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் என்று ஆரம்பிப்பாய். நான் விட்டேனா? "தெரியும் கண்ணு, என் பேரு வயசெல்லாம் உனக்கே தெரியும், மருந்து எதுவும் எனக்கு ஒத்துக்காம போனதில்லை, இடது கால்ல வலி, பத்துக்கு ஆறு இருக்கும், காலைல வெளிக்குப் போயாச்சு, இந்தா கை, பிரஷர் பாரு" என்று நீ வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிவிடுவேன். ஒரு நாள் வலி எத்தனை என்பதற்குப் பதினாலு என்று சொல்லி, பத்துக்கு மேல் கிடையாது அம்மா என்று நீ சொன்னதும் என்னுடைய வலி எனக்குத்தானே தெரியும் என்று சண்டை வேறு போட்டேன். நீயும் சிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். இப்படிக் கேட்காமலே எல்லாம் கிடைத்துக் கிடைத்து, அங்கே போய்க் கல்லுப் பிள்ளையார் மாதிரி ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் உனக்கு வாய் எப்படி வரும்? பயிற்சி உனக்கு, நடிப்பு எனக்கு, நடிப்பில் நான் பெயில். குழந்தையிலிருந்தே அப்படித்தான் என்று உன் அப்பா சேர்த்துக்கொண்டார், பசிக்கிறது என்று நீ சொல்லப் பழகுமுன் வாயில் சோற்றைத் திணிப்பேனாம், உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் நான்தான் பதில் சொல்வேனாம். போதும், இந்த வருஷக் கணக்கு முடிந்துவிட்டது என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆனால் எடுத்த காரியத்தை விடுகிறவளா நான். மறுபடி நீ பயிற்சிக்குக் கூப்பிட்டால், கேட்டால் ஒழிய வாயைத் திறக்காத நோயாளியாக இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முன் அறையில் நாற்காலி போட்டு, கையை மடியில் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு ஆணிதான், அதைப் பற்றியே ஐந்தாறு விஷயம் சொல்லத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். உன் அப்பா கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு கேமரா வந்தாள். தெருவில் நடப்பதை ஒன்றுவிடாமல் பார்க்கிறாளே என்று அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், அது அவளுக்கு இன்னும் தெரியாது, நீயும் காட்டிக்கொடுக்காதே. "என்னக்கா, தனியா உட்காந்திருக்கே?" என்றாள். நான் மூச்சு விடவில்லை, மனசுக்குள் மட்டும், முதலில் நீ யார் என்று சொல்லு, அப்புறம் என் பெயரைக் கேள், அப்போதுதான் பேசுவேன் என்று நினைத்துக்கொண்டேன். "அக்கா, கோவமா?" என்றாள். பேசவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள், அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஐயையோ, ஓடி வாங்க, அக்காவுக்கு வாய் போயிடுச்சு!" என்று கத்தினாள் பார். ஒரு மனுஷி சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்று தெருவில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை, நான் பேசாமல் இருந்தால் அது பக்கவாதம்தானாம், என் பேருக்கு அவ்வளவு மரியாதை. நான் எழுந்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். சரி, நிஜ ஆஸ்பத்திரியில் நிஜ நர்ஸ் எப்படிக் கேட்கிறாள் என்றுதான் பார்த்துவிடுவோமே என்று ஒரு கிறுக்கு பிடித்தது, வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன். என்னைப் பெற்றவள் இருந்திருந்தால் அங்கேயே இரண்டு போட்டிருப்பாள்.

அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயசு இளையவளாக இருப்பாள், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள், விரலில் கிளிப்பை மாட்டினாள், கண் இமைக்கிற நேரத்தில் எல்லாம் முடித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கை ஓடின வேகத்தில் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, மனசுக்குள் பாவம் இவளும் பெயில் என்று மார்க் போட்டேன். சீட்டு எழுத வந்தவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் கேமராதான் பதில். "வயசு அம்பதுக்கு மேல இருக்கும், ஒத்துக்க மாட்டாங்க, காலையிலயே காப்பி ரெண்டு மூணு தடவை குடிச்சாங்க, வீட்டுக்காரரோட முந்தாநேத்து சண்டை" என்று என் சரித்திரத்தையே சொல்லிக்கொண்டிருந்தாள், அடுத்தவர் பதில் சொல்லக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது கண்ணு, எழுந்து அவள் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. டாக்டர் வந்து கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். சிரிக்கச் சொன்னார், அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். முகம் கோணவில்லை, வாய் மட்டும் வரவில்லையே என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அப்புறம் இன்னொரு நர்ஸ் வந்தாள். என் வயசுதான் இருக்கும், தூங்கி நாளான முகம். கேமராவை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொல்லி, "நான் இங்க நர்ஸும்மா, உங்களைப் பார்த்துக்க வந்திருக்கேன், உங்க பேரு என்ன?" என்றாள். சொல்லிவிட்டேன், பேச்சு வந்ததைப் பார்த்து அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. "எங்கயாவது வலிக்குதாம்மா?" என்றாள். உன்னோடு பயிற்சி பண்ணுகிற இடது கால் வலியைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அது வரவில்லை. வலது தோளில் வலி, ஈரப் போர்வையைத் தூக்கித் தூக்கி, காலையில் எழுந்தால் விரல் மரத்துப் போய் டம்ளரைப் பிடிக்க முடிவதில்லை என்று வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நாள் முழுக்கப் பேசுகிறவள், தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் மருந்து சொல்கிறவள், இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை, மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள், முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது "வேற?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கு அழுகை வந்தால் எவ்வளவு அசிங்கமாக இருப்பேன் என்று உனக்குத் தெரியும். அப்புறம் வெட்கம் தாங்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன், மகள் பரீட்சைக்காக ஊமையாக நடித்தேன் என்று. "இங்க பெட்டு இல்லாம ஆளுங்க வெளியில நிக்கறாங்க, உங்களுக்கு நடிக்க வேற இடம் கிடைக்கலையா?" என்று சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், நியாயம்தானே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினேன். ஆனாலும் தோளுக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினாள். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலும் கீழும் இழுக்க வேண்டும், நான் இழுப்பதைப் பார்த்து உன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார். தெருவில் இப்போது எனக்கு நடிகை என்று பெயர். போகிற வருகிறவர்கள் எல்லாம், "அக்கா, அடுத்த படம் எப்போ?" என்கிறார்கள்.

இவ்வளவு நாறிய பிறகு உனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பரீட்சைக்காரர்களை இனி ஏச மாட்டேன். உன் கையில் குறை கிடையாது, அதை அவர்களும் சொல்லவில்லை. ஆனால் கை போய்த் தொடுமுன் ஒரு வார்த்தை கேட்டால் படுத்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் படுத்துப் பார்த்துவிட்டேன். உனக்குக் கேட்கத் தெரியாது என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் இல்லத்தில் ஒரு தாத்தா, முன்பு வளர்த்த நாயைப் பற்றி நீ கேட்டால்தான் சாப்பிடுகிறார் என்று நீதானே சொன்னாய், அதற்கு உனக்கு யார் பாடம் எடுத்தார்கள்? மூலையில் ஒருத்தர் மார்க் போடப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். மூலையைப் பார்க்காதே, கட்டிலைப் பார். ஊருக்கு வருவதானால் வா, வீடு எங்கேயும் போகாது, நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் வாய் வரவில்லை என்று பயந்து ஓடி வந்தாய் என்றால் அது உன்னை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும், உன் முகத்தைத் தினம் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. குளிருக்குக் காலுறை இரண்டாகப் போடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணிடம் அவளுடைய குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடு, போனில் பின்னால் அவள் அதைக் கேட்டது என் காதில் விழுந்தது. நீ நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், நாலு பேர் நோயைத் தீர்த்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

கடைசியாக ஒன்று. இதை நான் போனில் கேட்டிருந்தால் பதிலையும் நானே சொல்லியிருப்பேன், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். கண்ணு, மறுபரீட்சைக்குத் தேதி வாங்கப்போகிறாயா, வேண்டாமா? உனக்கு என்ன தோன்றுகிறது?

எழுதி முடித்துவிட்டேன், இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா