பாட்டில் நீட்டும் ஆள்

என் கண்ணுக்கு,

நன்றாக இருக்கிறாயா? முழங்கால் வலி குறைந்ததா? நான் வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா போய் ஏழு மாதமாகியும், பை தைக்கிற இடத்தில் யாரும் என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நெடுந்தூர ஓட்டத்தில் வழியில் நின்று குடிக்கப் பாட்டில் நீட்ட, ஒருத்திக்கு ஒரே ஆள்தான், பெயர் எழுதித் தர வேண்டும். இத்தனை வருஷம் அது அப்பா. இந்தத் தடவை சித்தி பெயரைக் கொடுத்துவிட்டாயாமே. கடையில் விற்கிற பானத்தில்தான் தெம்பு வருகிறது, சித்திதான் பார்த்து வாங்குவாள் என்கிறாய். அவள் என் கூடப் பிறந்தவள், உன்னை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவள். ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொல்வானேன்.

கடையில் போய் விசாரித்தேன். அந்த ஒரு பாட்டில் விலைக்குப் பொடி வாங்கினால் நாலு பாட்டில் கரைக்கலாம். சர்க்கரை, உப்பு, எலுமிச்சம்பழம் வாங்கி வீட்டில் கலக்கினால் பதினைந்து வரும். கடைக்காரர், "ஊருக்கே கலக்கப் போறீங்களாக்கா?" என்று சிரித்தார். என் தங்கச்சியை ஜெயிக்கணும் என்று வாய் வரைக்கும் வந்தது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன மாதம் நீ வந்தபோது, சித்தி கொடுத்தனுப்பியதில் காலியான ஒரு பாட்டிலைக் கழுவி, நான் கலக்கியதை ஊற்றி உன் பையில் வைத்தேன். லிட்டருக்கு ஆறு சின்னக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, அப்பா கலக்கிய அதே அளவுதான். நீ ஓடிவிட்டு வந்து, "என்னதான் சொல்லும்மா, சித்தி வாங்குறது மாதிரி வராது" என்றாய். நான் சிரித்தேன். அடுப்படிக்குப் போய்த்தான் அழுதேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு ருசி போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. சித்தி மனசு நோகும். அவள் எந்த இடத்தில் நிற்பாள் என்று மட்டும் எழுது. நான் அதற்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். கையில் எதுவும் வைத்திருக்க மாட்டேன்.

என்னைத் தேடாதே, பாதையைப் பார்த்து ஓடு. நீ நல்லபடியாக ஓடி முடிக்க வேண்டும், தங்கம்.

உன்னைப் பெற்ற
அம்மா