நாம் எஸ்டி என்று வாங்கிய கார்டு

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு, கரையிலிருந்து உன் மாமா சொல்லச் சொல்லக் கற்பகம் எழுதுவது.

எனக்கு எழுத்து வராது என்பது நீ அறிந்ததுதான். அதனால் மகளை உட்கார வைத்து வாயால் சொல்கிறேன். நான் கொச்சையாகச் சொல்வதை அவள் புத்தகத்துப் பேச்சாக மாற்றிக்கொண்டே வருகிறாள். "நீ பேசுற மாரியே எழுதுனா மாமா சிரிக்கும்பா" என்றாள். சிரிக்கட்டுமே, அவன் சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்றேன். அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. தானே புயல் பிய்த்த கூரைக்கு இன்னும் தார்ப்பாய்தான். மழை வந்தால் கட்டிலை எந்த மூலைக்குத் தள்ளுவது என்று நானும் உன் அக்கா அஞ்சலையும் சண்டை போடுகிறோம். உன் வலையை அவள் யாருக்கும் தரவில்லை. அதில் எலி குட்டி போட்டிருக்கிறது. எலியையும் விரட்ட விடமாட்டேன் என்கிறாள். அவளிடம் யார் பேசுவது?

வருகிற அமாவாசைக்கு உனக்குப் படையல். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். செத்தவன் படம் எங்கே, மாலை ஏன் இல்லை? பதில் சொல்லி என் வாய் வலிக்கிறது. அதனால்தான் உனக்கே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

கேமரா வாங்கிய நாளில் இருந்து தொடங்குகிறேன். எனக்கு எதையும் நடுவில் இருந்து சொல்லத் தெரியாது.

கடலுக்குப் போனால் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த வருஷம் அது. வலை வடம் இழுக்க முடியவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் எங்களோடேயே இருந்தவன் நீ. அக்கா வீட்டுச் சோற்றில் எத்தனை நாள் குந்தியிருப்பது என்று உனக்குள் ஒரு அரிப்பு. ஊரில் காதுகுத்து, சடங்கு, சாவு எதுவானாலும் டவுனில் இருந்து ஸ்டுடியோக்காரன் வந்தாக வேண்டும். அவனோ ஆல்பம் போட்டால்தான் வருவேன் என்பான். சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தால் நாமே பிடித்து, கடலூரில் பிரிண்டு போட்டுக் கொடுக்கலாம் என்று நீ சொன்னாய்.

பிரிண்டு போடும் கடையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருப்பாளே, அவளிடம்தான் முதலில் விசாரித்தோம். படமெல்லாம் கேமராவுக்குள் ஒரு சின்னக் கார்டில் நிற்கும், அந்தக் கார்டிலேயே நாலைந்து ஜாதி உண்டு என்றாள். கார்டிலும் ஜாதியா என்று நீ கேட்டாய். அவள் சிரித்துவிட்டு, "எஸ்டி கார்டு போடற கேமராவா பாத்து வாங்குங்கண்ணா. எங்க மிஷின்ல அதான் போவும். எஸ்டி. மறந்துடாதீங்க" என்றாள்.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் போகும் வரைக்கும் பஸ்ஸில் நீ எஸ்டி, எஸ்டி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா ஏதோ மந்திரம் என்று நினைத்து உனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று கேமராவை வைத்தார். ஒன்று கம்பெனி பெயருக்கே விலை சொல்லும் ஜாதி. அதற்கு அந்தக் கம்பெனியே செய்த கார்டுதான், கம்பு மாதிரி நீளமாக. இன்னொன்று நல்லதுதான், ஆனால் நம் கைக்கு எட்டவில்லை. மூன்றாவது வெள்ளியாட்டம் பளபளவென்று, விலையும் மட்டு. உனக்குப் பார்த்ததுமே அதன்மேல் கண்.

"இதுல என்னா கார்டுங்க?"

"எக்ஸ்டி."

"அதான் மாமா! எஸ்டி!"

"எஸ்டி இல்லீங்க, எக்ஸ்டி."

"நாங்களும் அதத்தாங்க சொல்றோம். எஸ்டி!"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். நம் ஊரில் அந்த எழுத்துக்கு யாருக்கு வாய் வளைகிறது? எக்ஸ்பிரஸ் பஸ்ஸை எஸ்பிரஸ் என்போம். எக்ஸ்ரேயை எஸ்ரே என்போம். இதோ, இப்போதுகூட நான் எஸ்ரே என்றுதான் சொன்னேன், கற்பகம்தான் திருத்தி எழுதுகிறாள். படித்தவர்கள் நாக்கை மடக்கிச் சொல்கிறார்கள், சரக்கு ஒன்றுதான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

மறுநாள் பிரிண்டுக் கடையில் அந்தப் பெண் கார்டைக் கையில் வாங்கினாள். தபால்தலை அளவு இருந்தது. மிஷின் ஓட்டையில் வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. "அண்ணா, இது வேற ஜாதிண்ணா" என்றாள். உன் முகம் போன போக்கு! பாவம், அவளே ஒரு வழியும் சொன்னாள். கேமராவோடு வந்த ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் படத்தை இறக்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாள். "கேமராவ பத்திரமா வெச்சிக்கோங்க. அது போச்சின்னா, கார்டு உள்ள இருக்கறத வெளிய எடுக்கறது கஷ்டம்."

உடம்பும் உசுரும் மாதிரி என்று நீ சொன்னாய். அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு.

அந்தக் கார்டில் படம் அதிகம் கொள்ளாது. பெரிய கார்டு கேட்டால் கடலூரில் கிடைக்காது, கிடைத்தாலும் கேமரா விலை சொல்வான். அதனால் பிரிண்டு போட்டதும் அழிப்பாய், மறுபடி பிடிப்பாய். உன் படத்தில் மூலைக்கு மூலை நகம் பிளந்த உன் விரல் விழும். பெரிய கை, சின்னக் கேமரா, என்ன செய்வது? "நாங்க துட்டு குடுத்தது எங்க மூஞ்சிக்கு, உன் வெரலுக்கு இல்ல" என்று சடங்கு வீட்டில் ஒருத்தி சண்டைக்கே வந்தாள். "வெரலு ஓசி, வெச்சிக்க" என்றாய்.

சாவு வீட்டுக்குப் போனால் நீ காசு வாங்க மாட்டாய். செத்தவரை நாற்காலியில் சாய்த்து, தாடையைத் துணியால் கட்டி, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் பிடிப்பாய். உயிரோடு இருக்கும்போது ஒரு படம் எடுக்காத சனம், செத்தபிறகு முகத்துக்கு அலைகிறதே என்று வீட்டுக்கு வந்து புலம்புவாய். அப்படிப் புலம்பிய ஒரு நாள்தான் துறைமுகத்துப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாய். மீன்பிடிக்கிற போட்டு ஒன்று பின்னால் தெரிய நின்றுகொண்டு, "மாமா, இந்த பட்டன ஒரு அமுக்கு அமுக்கு" என்றாய். வெயில் முகத்தில் விழுந்து நீ ராசா மாதிரி இருந்தாய். அதைப் பிரிண்டு போடேன் என்றால், உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குச் சுவரில் படம் என்று கேட்டாய். "உள்ளயே கெடக்கட்டும் மாமா. சாவுக்கு ஆவும்."

எல்லாப் படத்தையும் அழித்தாலும் அதை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தாய். அது எனக்குத் தெரியும், அஞ்சலைக்குத் தெரியும்.

பிறகு கற்பகத்தின் குழந்தைக்குக் காது குத்தினோம். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடி உன் மடிதான். குழந்தையை மடியில் வைத்தால் படம் யார் பிடிப்பது? எனக்கு அந்த ஒரு தரம் தந்ததோடு சரி, கேமராவை நீ யார் கையிலும் தரமாட்டாய். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, கேமராவை உன் பக்கமாகவே திருப்பினாய். அதுவோ இடமில்லை என்று சொல்லிவிட்டது. எதையோ அமுக்கினாய். "ஒரு கெழட்டு மூஞ்சிய அழிச்சேன், எடம் வந்துடுச்சி" என்றாய். எல்லாரும் சிரித்தோம். யார் முகம் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் ஆசாரி ஊசியை எடுத்தார், குழந்தை வீறிட்டது, நீ பட்டனை அமுக்கினாய்.

"பாப்பா நல்லா வந்திருக்கா" என்றாய் பார்த்துவிட்டு.

"நீடா?" என்றாள் அஞ்சலை.

"நானும் இருக்கேன், இருக்கேன்."

அந்தப் படங்களைப் பிரிண்டு போடுவதற்குள் புயல். விடிந்து பார்த்தால் வானம் வீட்டுக்குள் இருந்தது. கேமரா அலமாரியோடு தண்ணீரில் கிடந்தது. அரிசியில் புதைத்தாய், வெயிலில் வைத்தாய், ஊதி ஊதிப் பார்த்தாய். உனக்கே மூச்சு இல்லை, அதற்கு எங்கிருந்து ஊதுவது? கடைசியில் கார்டை மட்டும் எடுத்து உன் அக்காவின் சுருக்குப் பையில் போட்டாய்.

அந்தக் குளிரிலேயே உன் நெஞ்சு மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் பெரிய கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மாமா, இது நல்லா வந்திருக்கு. வெரலே வுழல" என்றாய். அதற்குமேல் நீ எங்களைச் சிரிக்க வைக்கவில்லை. உட்கார்ந்தால் மூச்சு, படுத்தால் மூச்சு என்று அல்லாடி, அஞ்சலை தோளில் சாய்ந்தபடி போனாய். வாய் திறந்தே இருந்தது. யாரோ செல்போனில் படம் எடுக்க வந்தார்கள். "இந்த மூஞ்சி வேணாம், எங்கிட்ட அவன் மூஞ்சி இருக்கு" என்று சுருக்குப் பையை இடுப்போடு அழுத்திக்கொண்டாள்.

காரியத்துக்கு ஓட்டு அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். திருடனைப் போலீஸ் பிடித்து நிறுத்திய மாதிரி இருந்தது. அஞ்சலை அதற்கு விளக்கு ஏற்றவே இல்லை. "இவன் யாரோ, எந்தம்பி இல்ல" என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடி, கார்டைத் திறந்தாக வேண்டும். உன் முகம் மறந்துகொண்டே வருகிறது என்று ஒரு நாள் அழுதாள். கூடப் பிறந்தவளுக்கே மறக்குமா? மறக்கிறதாம்.

கடலூரில் ஏறாத கடை இல்லை. இந்த ஜாதிக் கார்டு இப்போது வருவதே இல்லை என்றார்கள். கடைசியில் அதே கண்ணாடிப் பெண்ணிடம் போனோம். நீ போனதைக் கேட்டு அவள் கண் கலங்கினாள். அவளிடமும் அந்தக் கார்டைப் படிக்கிற சாமான் இல்லை. "அண்ணன் படம் வேற எதுவுமே இல்லீங்களா?" என்றாள். "எஸ்ரே இருக்குது" என்றேன். அஞ்சலை பக்கத்தில் நிற்கும்போது ஓட்டு அட்டைப் படத்தையா சொல்வது? அவள்தான் சிதம்பரத்துக்குப் போகச் சொன்னாள். அண்ணாமலை நகரில் காலேஜ் பிள்ளைகள் புழங்கும் கடைகளில் எல்லா ஜாதிக் கார்டும் போகிற ரீடர் இருக்கலாம் என்றாள்.

போனோம். சிதம்பரம் வரைக்கும் அஞ்சலை சுருக்குப் பையை விட்டுக் கையை எடுக்கவில்லை. அங்கே ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் மேசையைக் குடைந்து ஒரு ரீடரை எடுத்தார், புற்று மாதிரி அத்தனை ஓட்டை. அதில் ஒரு ஓட்டையில் கார்டு கிளுக்கென்று போய் உட்கார்ந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்தாள்.

மொட்டை அடிக்கிற படம் வந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. ஆசாரி வந்தார். பிறகு கடைசிப் படம்.

"அவ்ளோதாங்க" என்றார் கடைக்காரர்.

"அவன் பின்னால போட்டு நிக்கிற படம் ஒண்ணு இருக்கும் பாருங்க" என்றேன். அவர் மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான், ஒரு கிழட்டு மூஞ்சியை அழித்தேன் என்று நீ சொன்னது. பாப்பாவுக்கு இடம் விடுவதற்காக நீ எடுத்துப் போட்டது உன்னைத்தான்.

அந்தக் கடைசிப் படத்தில் குழந்தை வாயைத் திறந்து அழுகிறது. அதை அணைத்த உன் சட்டைக் கை தெரிகிறது. உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து இறங்கி வந்து நிற்கிறது உன் விரல். தூண்டில் முள் கிழித்து நகம் இரண்டாகப் பிளந்த அதே விரல்.

கடைக்காரருக்கு என்ன தெரியும், பாவம். "வெரல வெட்டிட்டு பாப்பாவ மட்டும் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"வெரல்ல கைய வெச்சீங்கன்னா பாருங்க" என்றாள் அஞ்சலை. திரைமேல் தன் விரலை எடுத்துப் போய் அந்த நகத்தின்மேல் வைத்தாள். "இதோ இருக்கானே. இருக்கேன் இருக்கேன்னு சொன்னான் இல்ல?"

விஷயம் புரிந்ததும் அவர் தணிந்த குரலில், "அப்ப வெரல மட்டும் தனியா எடுத்துப் பெருசா போட்டுத் தரேம்மா. மாலை போடணும் இல்ல?" என்றார். அவள் யோசிக்கவே இல்லை. புள்ளையைப் பிடித்திருக்கிற கையை விட்டு விரலைப் பிரிக்காதீங்க என்றுவிட்டாள்.

அந்தப் படம்தான் சுவரில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற பிள்ளை அதில் இருப்பதால் மாலை போடக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது. நீயும் மாலை இல்லாமல், உயிரோடு இருக்கிறவன் மாதிரி நிற்கிறாய். சாவுக்கு ஆகும் என்று நீ வைத்திருந்த படம் சாவுக்கு ஆகவில்லை. முகத்தை அவள் இப்போது தேடுவதில்லை. ராத்திரியும் பகலும் அந்த நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை மச்சான். உனக்குத் தெரியுமா?

குழந்தை பேசத் தொடங்கிவிட்டாள். அந்தப் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால் தன் பெயரைச் சொல்கிறாள். விரலைத் தொட்டுக் காட்டினால் எங்கள் முகத்தைப் பார்க்கிறாள். உன்னைத் தெரியாது என்று அவள் சொல்லும்படி நான் விடமாட்டேன். அது மாமன், உனக்கு இடம் விட்டவன் என்று என் வாய் ஓயும் வரை சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் பெரிய மனுஷியாகிச் சடங்கு வைக்கும்போது தாய்மாமன் உட்காரும் மனைப்பலகையில் இந்தப் படத்தைத்தான் வைப்பேன். அன்றைக்குப் படம் பிடிக்க வருகிறவன் கேமராவில் விரல் விழுந்தால், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
பட்டனை ஒரே ஒரு தரம் அமுக்கிய உன் அக்கா புருஷன்,
உன் மாமா.