தலையில்லாத புழு

ஹெஸ்ட்விக், 9 பிப்ரவரி 1994

அன்புத் தம்பி ஸ்டைனாருக்கு,

நேற்று மாலை எங்கள் பள்ளி நூலகக் குழு கூடி, சுவரில் ஒட்டியிருக்கும் காகிதப் புழுவுக்கு இனித் தலை தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பள்ளிக்குப் புதுக் கூரை போடும் விஷயம்கூட ஒரே மாலையில் பேசி முடிந்ததாம். இதற்கு இரண்டு மாலைகள் ஆயின. வரலாற்றில் நிற்கும் முடிவு என்று தலைமை ஆசிரியர் ஒட்வார் சொன்னார். அப்போது அவர் கையில் மூன்றாவது வாஃபிள் இருந்தது.

நீ போன தடவை கரைக்கு வந்தபோது புழு உலக வரைபடம் வரைதான் எட்டியிருந்தது. இப்போது ஜன்னலைத் தாண்டிவிட்டது. ஒரு புத்தகத்தை முடிக்கும் பிள்ளை தன் பெயரை வண்ணக் காகித வட்டத்தில் எழுதி வாலில் ஒட்டும்; புழு நீளும். இதில் என்ன தவறு என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். பெற்றோர் பிரதிநிதி வென்கே விளக்கினார். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் தங்களை முதலாவதாக நினைக்கிறார்களாம். வாலில் இருக்கும் அவருடைய மகள் தன்னைக் கடைசியாக நினைக்கிறாளாம். தலையை எடுத்தாலும் வால் இருக்குமே என்று யாரோ சொன்னார்கள். எனவே வாலும் போகிறது. புழுவை இரண்டு முனையும் சேர்த்து வளையமாக ஒட்டப்போகிறோம்.

மற்றச் செய்திகள்: வியாழக்கிழமைகளில் விளக்கணைத்து டார்ச் வெளிச்சத்தில் படிக்கும் நேரம் நன்றாகப் போகிறது. மேசைக்கு அடியில் படுத்துப் படிக்கத்தான் போட்டியே. (போட்டி என்ற சொல்லை நான் இங்கே எழுதியதை ஒட்வாரிடம் சொல்லாதே.)

உன் மகள் ரக்னா நலம். தினமும் சாப்பிட்டதும் என் சமையலறை மேசையில் கப்பல் பூனைக் கதையைப் படிக்கிறாள். வரிக்கு அடியில் விரலை வைத்து, விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் படிக்கிறாள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதை அவளே சொல்ல வேண்டுமாம். அதனால் நான் எழுதவில்லை.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் உனக்குக் குளிராது என்று சொல்லாதே.

அன்புடன்,
அக்கா ஹெர்டிஸ்


வட கடல், எண்ணெய் மேடை
20 பிப்ரவரி 1994

அன்பு அக்கா,

இங்கே தொலைபேசிக்கு எப்போதும் வரிசை. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது நிதானமாகக் கோபப்பட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தீர்மானத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்துக் காட்டினேன். தலையும் வாலும் இல்லாத புழுவை நாங்கள் தூண்டிலில்தான் பார்த்திருக்கிறோம் என்று சமையல்காரர் சொன்னார். அப்போது தொலைக்காட்சியில் லில்லேஹாம்மர் ஒலிம்பிக் பனிச்சறுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யார் முதலில் வருகிறார் என்று நாடே தொண்டை கிழியக் கத்துகிறது. ஒட்வாரும் பந்தயம் பார்க்கும்போது மணி அடித்துக்கொண்டு கத்துகிறார் என்று ரக்னா சொன்னாள். பள்ளிச் சுவருக்கு மட்டும்தான் முதல் இடம் ஆகாது போலிருக்கிறது.

விடு, அது உங்கள் புழு. எனக்கு ஒன்றுதான் வேண்டும். மூன்று வருடமாக அந்தச் சுவரில் என் மகள் பெயர் இல்லை. முதல் வகுப்பில் இல்லை, இரண்டாம் வகுப்பில் இல்லை. "நான் மெதுவாப் படிக்கிறேன்பா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். போன வாரம் தொலைபேசியில் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, பூனை இப்போ பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. முடிச்சதும் நானே ஒட்டுவேன். ஆரஞ்சு கலர் பேப்பர் வெட்டி வெச்சிட்டேன். நீங்க வந்து பாக்கணும்."

வளையமோ, சதுரமோ, எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். அவள் படித்து முடித்து, அவள் கையால் ஒட்ட வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஸ்டைனார்


ஹெஸ்ட்விக், 6 மார்ச் 1994

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. குழு மறுபடி கூடியது. வளையமாக்கியதும் புதிய பிரச்சினை ஒன்று கண்ணில் பட்டது. சில பிள்ளைகளுக்கு நிறைய வட்டங்கள், சிலருக்கு ஒன்றுகூட இல்லை. வளையத்தில் இது முன்பைவிட நன்றாகத் தெரிந்ததாம்.

எனவே பழைய வட்டங்களை எடுத்துவிட்டோம். பள்ளியில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே ஒரு வட்டம். நிறத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசி, யாருக்கும் பிடித்த நிறமாக இருக்கக் கூடாது என்பதால் சாம்பலைத் தேர்ந்தெடுத்தோம். யாரும் காத்திருக்க வேண்டாம் என்று குழுவே எல்லாப் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டது. வாசிப்பு மாதத்தில் அனைவரும் பங்கேற்ற ஒரே பள்ளி என்று மாவட்டத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது.

ரக்னா விஷயத்தைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். தனிப்பட்ட ஒரு பிள்ளைக்காக விதியை வளைக்க முடியாது என்றார்கள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சுவரைத் துணியால் மூடி வைத்திருக்கிறோம், ஈஸ்டர் விடுமுறைக்கு முன் திறப்பு விழா. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

நீ வரும்போது பேசுவோம்.

அக்கா


ஹெஸ்ட்விக், 27 மார்ச் 1994

நூலகப் பொறுப்பாளர் ஹெர்டிஸ் அவர்களுக்கு,

தாங்கள் இந்நேரம் ஈஸ்டர் வழக்கப்படி மலைக்குடிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு கொலைக்கதை படித்துக்கொண்டிருப்பீர்கள். குற்றவாளி யார் என்பது அதில் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். எனக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே தெரிந்துவிட்டது.

நடந்ததை எழுதுகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனால் நீ தலை நிமிரவில்லை. அதனால் பார்த்திருக்க மாட்டாய்.

வியாழன் இரவு ஹெலிகாப்டரில் வந்து இறங்கினேன். கடைசி அத்தியாயத்தை எனக்காக வைத்திருந்தாள். எனக்குப் படித்துக் காட்டினாள், அக்கா. திக்கித் திக்கி, ஒரு சொல்லையும் விடாமல். முடித்ததும் புத்தகத்தை மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். யாரும் பிடுங்கிவிடக் கூடாதாம். காலையில் மழை. புத்தகத்தை என் மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தோம். துணியை எடுத்திருந்தார்கள். ஆரஞ்சு வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடடே, உன்னோடது ஏற்கெனவே ஒட்டியாச்சே கண்ணு! அதோ பாரு, ஜன்னல் பக்கத்துல!" என்றார் ஒட்வார்.

"எப்போ ஒட்டினீங்க?"

"மாசம் தொடக்கத்துலயே."

"அப்போ பூனை பெட்டிக்குள்ள இருந்துச்சு. நான் பாதிதான் படிச்சிருந்தேன்."

"அதனால என்னம்மா? எல்லாருக்கும் உண்டு. படிச்சாலும் உண்டு, படிக்காட்டியும் உண்டு."

"அப்போ நான் எதுக்குப் படிச்சேன்?"

ஒட்வார் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பிறகு, "நல்ல கேள்வி. அடுத்த குழுக் கூட்டத்துல வைக்கிறேன்" என்றார். நான் கத்தியது அதற்கு அப்புறம்தான். நூலகத்தில் கத்தக் கூடாது என்று வென்கே சொன்னார். அந்த மனுஷி சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

நீ மேசையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாய். எந்தப் புத்தகத்தில் குத்தினாய் என்று பிறகு பார்த்தேன். ஒரே பக்கத்தில் ஆறு முத்திரை.

அந்த ஆரஞ்சு வட்டத்தை வழியில் குப்பைத் தொட்டியில் போட்டாள். நான் எடுத்து வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாது. ஈஸ்டர் ஆரஞ்சையும் தொடவில்லை. புதுப் புத்தகம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "எதுக்குப்பா? படிக்காட்டியும் உண்டுல்ல" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. உங்கள் குழுவைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் அவள் பெயர் போட்ட சாம்பல் வட்டம் சுவரிலிருந்து கழன்று வர வேண்டும். இல்லையென்றால் மே மாதம் முதல் ரக்னா ஓலசுண்டில் அவள் அம்மாவிடம் இருந்து படிப்பாள். உன் வீட்டு மேல்மாடியில் அவள் இருக்கும் அறையை நீயே வைத்துக்கொள். சாம்பல் வண்ணம் அடித்து வை.

ஸ்டைனார்


மலைக்குடில், 31 மார்ச் 1994

ஸ்டைனார்,

தபால் வாங்க ஒரு மணி நேரம் பனியில் சறுக்கிப் போய், உன் வசவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வருடத்தில் பாதி நாள் நீ கடலில் இருக்கிறாய். மீதிப் பாதியில் கைநிறைய மிட்டாயோடு வந்து இறங்குகிறாய். அவள் முதல் வகுப்பில் புத்தகத்தைச் சுவரில் வீசியபோது யார் எடுத்து வந்து மறுபடி மேசையில் வைத்தது? ஒரு வரிக்காக ஒரு மாலை முழுவதும் யார் உட்கார்ந்தது? கடைசி அத்தியாயம் கேட்க நீ வந்தாய். நல்லது. மற்ற அத்தியாயங்களை நான் கேட்டேன். எல்லாவற்றையும், சிலவற்றை நான்கு முறை.

நான் தலை நிமிரவில்லை என்கிறாய். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன். குழுவுக்கு முன்னால் அழுதால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள்.

இன்னொன்றையும் கேள். ஐந்தாம் வகுப்பில் லிவ் என்று ஒரு பெண். அவளுக்கு எழுத்து கண்ணில் நிற்காது. இந்த வருடமும் ஒரு புத்தகம் முடிக்கமாட்டாள். துணியை எடுத்த அன்று தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என் பேரும் இருக்கு டீச்சர்" என்றாள். அவள் பெயரை நான் உரித்தெடுக்கவா? பதில் எழுது. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

14-ஆம் தேதி குழு கூடுகிறது. உன் மகளுடைய கேள்வி நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது. முதல் இரண்டும் புதுக் காபிப் பாத்திரம்.

ஹெர்டிஸ்


வட கடல், எண்ணெய் மேடை
8 ஏப்ரல் 1994

ஹெர்டிஸ்,

லிவ்வின் வட்டத்தை யாரும் உரிக்கச் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு புத்தகத்தை முடிக்கக் கற்றுக்கொடு என்றுதான் சொல்வேன். அதற்குத்தான் நூலகம் என்று நினைத்திருந்தேன்.

மற்ற அத்தியாயங்களைப் பற்றி நீ எழுதியது உண்மை. அதனால்தான் கோபம் தீரவில்லை. அவள் எப்படிப் படித்தாள் என்று இந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தியும் கை தூக்கி ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

ஓலசுண்டில் பேசிவிட்டேன். மாத முடிவு வரை வேறு வழியில்லை, அவள் உன்னிடம்தான் இருக்க வேண்டும். புத்தகம் படிக்கச் சொல்லி வற்புறுத்தாதே. ஆரஞ்சு வட்டத்தை இத்துடன் அனுப்புகிறேன். இங்கே அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்கத் தோன்றுகிறது.

ஸ்டைனார்


ஹெஸ்ட்விக், 20 ஏப்ரல் 1994

அன்புத் தம்பி,

குழு முடிவெடுத்தது. ரக்னாவின் கேள்வி நியாயமானது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனவே, உண்மையாகவே புத்தகம் படித்து முடித்த பிள்ளை தன் வட்டத்தில் சிறிய வண்ணப் புள்ளி ஒன்று வைத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில். படிக்காத பிள்ளைகள் மனம் நோகாதபடி புள்ளி வைத்ததும் மறுபடி ஒட்டிவிட வேண்டும். ஒட்வார் இதை இரு தரப்புக்கும் கிடைத்த வெற்றி என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எண்ணுபவர் கவனிக்காமல் ஒருமனதாக என்று எழுதிக்கொண்டார். நான் எழுந்து நின்று, "நான் தூக்கலை" என்றேன். இருபது வருடத்தில் முதல் முறை. வென்கே என்னைப் பார்த்து, "ஹெர்டிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மதியம் ரக்னாவை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றாள். நாற்காலியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். உன் உறையிலிருந்து ஆரஞ்சு வட்டத்தை எடுத்ததும், "இதை நான் தூக்கிப் போட்டேனே!" என்றாள்.

"உங்க அப்பா பொறுக்கிட்டாரு. குப்பை பொறுக்கறதுல அவருக்குச் சின்ன வயசுலேருந்தே ஆர்வம்."

"அத்தை, குழு திட்டுமே?"

"திட்டும். நல்லா அழுத்தி ஒட்டு."

சாம்பல் வட்டத்தை அவளே உரித்தாள். கொஞ்சம் சுவர் வண்ணமும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் பெயரையும், கீழே புத்தகத்தின் பெயரையும் எழுதி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி ஒட்டினாள். பிறகு தூரப் போய் நின்று பார்த்தாள். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. சரி செய்யட்டுமா என்று கேட்டதற்கு, "தொடாதீங்க" என்றாள்.

லிவ் இனி செவ்வாய்க்கிழமைகளில் படிக்க என் சமையலறைக்கு வருவாள். நீ சொல்லி அல்ல.

ஓலசுண்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீ தகப்பன், நீ முடிவு செய். மேல்மாடி அறைக்கு வண்ணம் அடிக்கவில்லை.

உன் அக்கா,
ஹெர்டிஸ்

பி.கு. ஆரஞ்சு வட்டத்தைக் கண்டு திங்கட்கிழமை குழு அவசரமாகக் கூடியது. செவ்வாயிலிருந்து நூலகச் சாவி வென்கேயிடம் இருக்கிறது.