நீ எழுதி அனுப்பிய கம்ப்யூட்டர்

மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் அம்மாவின் கையெழுத்து இல்லையே என்று பதறாதே. அவள் நன்றாக இருக்கிறாள், தங்கையும் நன்றாக இருக்கிறாள். கடிதம் என்னுடையது என்று தெரிந்ததும் மடித்து ஓரமாக வைத்துவிடவும் வேண்டாம். கம்ப்யூட்டர் வாங்கிய விஷயமாக எழுதுகிறேன், அதற்காகவாவது படி. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்கும் என் வணக்கம். அவர் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருந்தால் பாதிக் கடிதம் அவருக்கே உபயோகப்படும்.

நீ அனுப்பிய பட்டியல் போன மாதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம். உள்ளே போன இந்த ஆறு வருடத்தில் நீ அரைப் பக்கம் தாண்டியதில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், உடம்பு பரவாயில்லை என்று முடித்துவிடுவாய். தங்கை, கட்டடம் வரைகிற படிப்பில் சேர்ந்திருக்கிறேன், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், குறைந்த விலையில் எதை வாங்கலாம் என்று கேட்டதுதான் தாமதம், பொடி எழுத்தில் நான்கு பக்கம். அம்மா அதை அடுப்படியில் நின்றபடியே படித்து அழுதாள். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். "ஒண்ணும் புரியலைங்க. ஆனா பழைய மாதிரி எழுதியிருக்கான்" என்றாள்.

பிறகு நானும் எடுத்துப் படித்தேன். வீட்டில் யார் யார் எதற்காக அதன் முன்னால் உட்காரப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள், கடையில் போய் நின்றுகொண்டு யோசிக்காதீர்கள் என்று ஆரம்பித்திருந்தாய். பெட்டியின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். கரண்ட் கொடுக்கிற பாகத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பின்னால் மெமரி சேர்க்க இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்கைக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். எந்த வயர் எங்கே போகும் என்று படம் வேறு. சும்மா சொல்லக் கூடாது, படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். முதல் அடியே சறுக்கியது. நீ போகச் சொன்ன மூலைக் கடை இப்போது இல்லை. நான்கு வருடமாக அங்கே மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். கடைக்காரரிடம் உன் பேரைச் சொன்னால் குறைத்துத் தருவார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மா விரலால் மூடிக்கொண்டே நடந்தாள். கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருக்கிற ஒரு கடைக்குப் போனோம்.

அங்கே முப்பது வயதுப் பெண் ஒருத்தி கடையைப் பார்த்துக்கொள்கிறாள். உன் காகிதத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பேர் காத்திருக்க, நான்கு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். "இதை எழுதினவருக்குத் தொழில் தெரியுது. ஆனா இது ஆறேழு வருஷத்துக்கு முந்தின பட்டியல். இப்ப எங்க வேலை பார்க்கிறாரு?" என்று கேட்டாள். வெளியூரில் என்று அம்மா ஆரம்பித்தாள். நான் குறுக்கே புகுந்து, சிறையில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். அந்தப் பெண் மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பேனாவை எடுத்தாள்.

நீ சொன்ன ப்ராசஸரைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். சுற்றுகிற டிஸ்க்கை இப்போது முதல் டிஸ்க்காகப் போடுவதில்லையாம், சுற்றாத ஒன்று வந்திருக்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது. நீ தாராளம் என்று எழுதிய மெமரி இப்போது வாசல் தாண்டவே போதாதாம். டிவிடி போடுகிற இடமே பெட்டியில் இல்லை. நீ சொன்ன பதினோரு விஷயத்தில் ஏழு விஷயத்தை அடித்தாள். மிச்சம் நான்கு எந்தக் காலத்துக்கும் சரி என்று டிக் போட்டாள். ஆபீஸில் இரண்டு மூன்று வருடம் ஓடித் திரும்பி வந்து, சுத்தம் செய்து உத்தரவாதத்தோடு விற்கிற பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். புதிதாகச் சேர்த்துக் கட்டுவதைவிட விலை குறைவு, படிக்கிற பிள்ளைக்கு அதுவே தாராளம் என்றாள். இரண்டு தடிப் புத்தகத்தை அடுக்கி வைத்த அளவுதான் இருந்தது.

தங்கை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அண்ணன் எழுதினதே போதும். அந்தப் பழைய பாகமெல்லாம் எங்கயாவது கிடைக்கும்ல, அதையே மாட்டிக் குடுங்க" என்றாள். கிடைக்கும், மாட்டியும் தரலாம், ஆனால் கட்டடம் வரைகிற ப்ரோக்ராம் அதில் நகரவே நகராது என்று கடைக்காரப் பெண் சொன்னாள். "நகர்ற வரைக்கும் நகரட்டும்" என்று நம் வீட்டுப் பிடிவாதம் பதில் சொன்னது. அம்மாவும் அவள் பக்கம். நான்தான், ஆபீஸ் பெட்டியையே கட்டுங்கள் என்று சொன்னேன். படிக்கப் போகிறவள் அவள், நம் ஆசைக்காக அவள் படிப்பு உட்கார்ந்துவிடக் கூடாது. படி இறங்கும்போது தங்கை சொன்னாள், "ரெண்டாவது தடவையா அண்ணனை விட்டுக்கொடுத்துட்டீங்கப்பா." இன்றோடு ஒன்பது நாள், என்னிடம் பேச்சு வார்த்தை இல்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே திட்டிவிட்டுப் போகிறாள்.

ஆனாலும் உன் படத்தைப் பார்த்துத்தான் எல்லா வயரையும் மாட்டினாள். திரைக்குப் போகிற வயரின் வாய் மட்டும் நீ வரைந்தது போல இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு மாட்டினாள். திரையைக் கண்ணுக்கு நேராக வைக்க, நீ சொன்னபடி அடியில் பலகை கொடுத்திருக்கிறோம். வேலை நன்றாக நடக்கிறது. நேற்று ஒரு மாடிப்படி வரைந்தாள்.

நீ சொன்னபடியே எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று உனக்கு இரண்டு வரி எழுதிப் போட வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. பேனாவையும் எடுத்து உட்கார்ந்தாள். பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. "நீங்க செஞ்ச காரியம், நீங்களே எழுதுங்க" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். அதனால்தான் இந்தக் கையெழுத்து.

எழுதுவது என்று ஆன பிறகு முழுதாகவே எழுதிவிடுகிறேன். ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மேசையைப் போடச் சொன்னாய். அந்த மெஷினை உன் வழக்கு நடந்த சமயத்திலேயே விற்றுவிட்டோம். உன் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம், ஒரு நர்ஸ் இருக்கிறாள், நல்ல பெண். நீ வரும்போது எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று அம்மா ஒவ்வொரு முறையும் உன்னிடம் சொல்லிவிட்டு வருகிறாள். இருக்காது, மகனே. உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்து ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று நீ இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டாம். இப்போதே தெரிந்துகொள், என் மேல் கோபப்பட்டுக்கொள்.

கோபம் உனக்குப் புதிதில்லை. அன்று காலையில் போலீஸ்காரர் வாசலில் நின்று, நீ ஓட்டுகிற வேன் எப்போது வீட்டுக்கு வந்தது என்று கேட்டார். நேற்றே வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். இல்லை, விடிந்த பிறகுதான் வந்தது என்று நான் சொன்னேன். நீ உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். மோதுவது எவனுக்கும் நேரலாம். நீ நிறுத்தாமல் வந்துவிட்டாய். விடியற்காலையில் சைக்கிளில் பால் கொண்டுபோன அந்த மனிதரை உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார். அவருக்கும் ஒரு பெண் பிள்ளை, உன் தங்கை வயது. போலீஸ் இன்று வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அடுத்த மாதமே, தூரத்தில் சைக்கிளைக் கண்டாலே பஸ்ஸை நிறுத்த ஆரம்பித்தேன். டெப்போவில் பஸ் வருகிற போகிற நேரத்தை எழுதுகிற வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதையும் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். நான் சொன்ன உண்மையால் என் பிள்ளையை இழந்தேன். அதை நினைத்து நான் அழாத நாள் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அம்மா உன்னைப் பார்க்க வருகிறாள் அல்லவா, அவளைத் தனியாகவா அனுப்பியிருப்பேன் என்று நினைத்தாய்? ஆறு வருடமாக நானும் வருகிறேன். அவள் உள்ளே போனதும் எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அவள் திரும்பி வந்ததும், இளைத்திருக்கிறானா, இருமல் இருக்கிறதா, என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்பேன். பஸ் ஏறும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

யாரெல்லாம் வந்து பார்க்கலாம் என்று உன்னிடம் எழுதி வாங்குகிற தாளில் மூன்று வரி இருக்கிறதாம். அம்மா, தங்கை. மூன்றாவது வரியை நீ ஒவ்வொரு முறையும் காலியாக விட்டுவிடுகிறாய் என்று அந்தக் கடைக்கு டீ குடிக்க வருகிற சிறைக் காவலர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை, திட்டினாலும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. இந்த முறை தாள் வரும்போது அந்த மூன்றாவது வரியில் என் பெயரை எழுது. என்ன உறவு என்று பக்கத்தில் கேட்டிருப்பார்களாம், அதை நிரப்ப மனசு வராவிட்டால் விட்டுவிடு. வெறும் பெயர் இருந்தாலே உள்ளே விடுவார்களாம், கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா